காப்பிரைட் சார்

அவருக்குக் கோபம் முகத்தில் வராது, கையில்தான் வரும். முகம் அப்படியே இருக்கும். குரல்கூட ஏறாது. ஆனால் வலது கை மேசையை விட்டு எழுந்துவிட்டால் எதிரில் இருப்பவர் ஓரடி பின்னால் போய்விடுவது நல்லது. அவரோடு இரண்டு வருடம் வேலை பார்த்ததில் நான் முதலில் கற்றுக்கொண்டது இதுதான். பதிப்புரிமைச் சட்டமெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் அவரைக் ‘காப்பிரைட் சார்’ என்பார்கள். சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை இருக்கிற இன்ஜினியரிங் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், தொழிற்பயிற்சி மையங்கள் எல்லாவற்றிலும் ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் அவர் பயிற்சி நடத்தினார். எதை நகல் எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது, நாம் எழுதியதை மற்றவர்கள் தாராளமாகப் பயன்படுத்தும்படி திறந்த உரிமத்தில் எப்படி வெளியிடுவது என்பதுதான் பாடம். நான் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருந்தேன். இடம் பிடிப்பது, ஆட்களைச் சேர்ப்பது, சாப்பாடு சொல்வது எல்லாவற்றையும் பயிற்சியை நடத்திய அமைப்பு என் பொறுப்பில் விட்டிருந்தது.

முதல் பயிற்சி 2012-ல், எங்கள் கல்லூரியிலேயே நடந்தது. நாற்பது பேர் இருந்திருப்போம். வலைத்தளங்களிலிருந்து படங்களையும் பக்கங்களையும் எடுத்துத் தன் பெயரில் நோட்ஸ் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து கணிதப் பேராசிரியர் ஒருவர் கையைத் தூக்கினார்.

“எல்லாந்தான் நெட்ல கிடைக்குதே சார். எடுத்துப் போட்டா யாரு வந்து கேக்கப் போறா?”

கூடம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேடையை விட்டு இறங்கிப் பின்வரிசைக்குப் போனார். பேராசிரியரின் மேசையில் இருந்த செல்போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேடைக்குத் திரும்பி நடந்தார்.

“சார், அது என் போனு” என்று பேராசிரியர் பின்னாலேயே வந்து தோளைப் பிடித்தார்.

அடுத்து நடந்தது ஒரு நொடிதான். அவர் திரும்பினார், மணிக்கட்டைப் பிடித்தார், முறுக்கினார். ஐம்பது வயது மனிதர் முழங்கால் மடிந்து தரையில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி சாய்ந்து விழுந்தது.

“கேக்க வந்துட்ட பாத்தியா?” என்றார் அவர், சாதாரணக் குரலில். “மேசை மேல சும்மாதான வெச்சினு இருந்த? பூட்டா போட்டிருந்த? வெளிய கீதுன்னா உன்னுதுன்னு அர்த்தமில்ல. எவனோ ஒருத்தன் உக்காந்து செஞ்சிருக்கான். அவன் எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கானா, இன்னா சொல்லி எடுத்துக்கச் சொல்லியிருக்கான், அதைப் பாரு.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். பேராசிரியரின் மணிக்கட்டில் நான்கு விரல்களின் தடம் சிவப்பாக எழும்பி நின்றது.

மாலையில் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். “நாளைக்கு அந்த ஆள் உள்ள வரக் கூடாது மேடம்” என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் மறுநாள் காலை எட்டரைக்கே கூடம் நிறைந்துவிட்டது. கணிதப் பேராசிரியர் மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். முதல்வர் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று அவர் நடத்திய பாடத்தை இன்றைக்கும் என்னால் வரி வரியாகச் சொல்ல முடியும். திறந்த உரிமத்தில் எத்தனை வகை உண்டு, ஒவ்வொன்றிலும் எழுதியவர் எதைக் கொடுக்கிறார், எதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார் என்று கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டினார். விற்கலாம் என்று சொல்கிற உரிமம், விற்கக் கூடாது என்கிற உரிமம், மாற்றி எழுதலாம் என்பது, கூடாது என்பது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று: செய்தவர் பெயரைப் போட வேண்டும். அதைச் சொல்லும்போது சாக்பீஸை அழுத்திய அழுத்தில் அது மூன்றாக உடைந்தது. நாங்கள் பயந்து கற்றோமா, பாடத்தின் ருசியில் கற்றோமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இடைவேளையில் அவருக்கு டீ கொண்டுபோனபோது அவர் வலது கையையே பார்த்தேன். முதல் நாள் நடந்ததற்காக இல்லை. அவரை நான் முன்பே பார்த்திருந்தேன்.

2008-ல், நான் உதவி நூலகராக இருந்தபோது. எங்கள் கல்லூரி வாசலுக்கு எதிரில் ஏழுமலையின் ஜெராக்ஸ் கடை. ஏழுமலை எனக்கு ஊர்க்காரன், வடக்குப்பட்டு. என்னைவிட மூன்று வயது சின்னவன். என்னை அக்கா என்பான். அவன் அப்பா நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்த கையோடு வாங்கிப் போட்ட மெஷின் அது. ஒரு நாள் பதினோரு மணி இருக்கும். ஜீப் ஒன்று வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள், இரண்டு தடியர்கள், வெள்ளைச் சட்டையில் ஒருவர். பெரிய பதிப்பகங்களின் சார்பில் ஜெராக்ஸ் கடைகளைப் பிடிக்கிற ஆள் என்று பிறகு சொன்னார்கள். நான் நூலக ஜன்னலில் நின்று பார்த்தேன்.

ஒரு தடியன் டோனர் மைப்பொடி டப்பாவைப் பிடுங்கித் தரையில் கொட்டினான். கடை கறுப்பாகிவிட்டது. இன்னொருவன் இரும்புக் கம்பியால் மெஷினின் கண்ணாடியில் ஓங்கி ஒன்று போட்டான். பிள்ளைகள் பாதி எடுத்த நகல்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஏழுமலை குறுக்கே போய் ஏதோ சொன்னான். வெள்ளைச் சட்டைக்காரரின் முகம் அப்படியே இருந்தது. கை மட்டும் எழுந்தது. ஒரே அறை. ஏழுமலை கடைப் படியில் உட்கார்ந்தான். காதிலிருந்து வழிந்த இரத்தம் காலரை நனைத்துச் சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் வந்தது. அந்தக் காது அதோடு போயிற்று.

அந்தக் கையில்தான் நான் இப்போது டீ கிளாஸைக் கொடுத்தேன்.

அன்று பாடத்தில் அவரே சொல்லியிருந்தார்: ஆசிரியர் பாடம் நடத்துவதற்காக எடுக்கும் நகலுக்கும், ஒருவர் சொந்தப் படிப்புக்காக எடுக்கும் நகலுக்கும் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்று. நான் கேட்டுவிட்டேன்.

“நாலு வருஷம் முன்னாடி எதிர்க்கடைய ஒடச்சீங்களே சார். அங்க பசங்க எடுத்துக்கிட்டிருந்ததுல பாதி, வாத்தியாருங்க குடுத்தனுப்பின பக்கம்தான்.”

அவர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். “தெரியும்.”

“இப்பத் தெரியுமா, அன்னிக்கே தெரியுமா?”

“அன்னிக்கே தெரியும். சட்டம் அதே சட்டம்தான் மேடம். நான் எந்தப் பக்கம் நின்னேன்றது மட்டும்தான் மாறிச்சு. அந்தக் காது விவகாரம் புகாராச்சு. புக் கம்பெனிங்க என்னைக் கழட்டி வுட்டாங்க. சட்டம் தெரிஞ்ச ஆளு வேணும்னு இந்த அமைப்புக்காரங்க கூப்பிட்டாங்க, வந்துட்டேன்.”

மனம் மாறினேன், திருந்தினேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பொய் சொல்லவே தெரியாத ஆள். அதுதான் அவரை வெறுக்க முடியாமல் செய்தது. விரும்பவும் முடியாது.

அன்று மாலை நேரே ஏழுமலையின் கடைக்குப் போனார். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் ஓடினேன். ஏழுமலை பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தான். இவர் பக்கத்தில் போய் நின்று என்னவோ சொன்னார். ஏழுமலை நிமிர்ந்து பார்த்தான். ஆளைத் தெரிந்துகொண்டான் என்பது அவன் உதடு இறுகியதில் தெரிந்தது.

“இந்தப் பக்கமா வந்து சொல்லு சார்” என்றான். “அந்தக் காது கேக்காது.”

அவர் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. பையிலிருந்து பயிற்சித் தாள்களை எடுத்து வைத்து, “நாப்பது காப்பி” என்றார். ஏழுமலை எடுத்துக் கொடுத்தான். அதன்பின் எல்லாப் பயிற்சிக்கும் அங்கேதான் நகல். இருவரும் அந்த வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. “வேலைன்னு வந்தா செய்வேன்க்கா, அவ்ளோதான்” என்றான் ஏழுமலை என்னிடம்.

அவர் கைக்குப் பயப்படாத ஒரே ஆளை நான் வல்லம் வடகாலில் பார்த்தேன். சங்கரேஸ்வரி. சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்குப் பிரஸ் மெஷின் பாடம் எடுத்தாள். தகட்டை அடித்து வளைக்கிற, வெட்டுகிற மெஷின் அது. அவளிடம் படித்துவிட்டுப் போன ஒருவனுக்கு ஒரு கம்பெனியில் மூன்றாவது வாரமே நான்கு விரல்கள் போயின. மெஷினுக்குக் கை போகாமல் தடுக்கிற கதவை, உற்பத்தி வேகமாக வேண்டும் என்று சூப்பர்வைசர் கழற்றச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் எழுதிய குறிப்புகள் அறுபது பக்கம். எல்லாம் தமிழில், கையால் வரைந்த படங்களோடு. அதில் நான்கு பக்கம், சூப்பர்வைசர் கதவைக் கழற்றச் சொன்னால் தொழிலாளி என்ன செய்ய வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், எப்படி மறுக்க வேண்டும் என்பது.

பயிற்சிக்கு அதை எடுத்துவந்திருந்தாள். அவர் இருந்த இடத்திலேயே முழுக்கப் படித்தார்.

“எந்த உரிமம் போடப் போற?”

“ரொம்பத் தாராளமானது எதுவோ அத. எவனும் அச்சடிச்சுக்கிடட்டும், வித்துக்கிடட்டும். பேர மட்டும் போட்டாப் போதும்.”

“விக்கிறதுக்கும் வுடற? யோசிச்சுக்கோ.” கை மேசையை ஓங்கித் தட்டியது.

“மேசையத் தட்டாம பேசுங்க சார்” என்றாள் அவள். “இது எத்தன பேரு கைக்குப் போவுதோ அத்தன பேரு கை தப்பிக்கும். எனக்கு அதான் கணக்கு.”

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். அப்படி அவர் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

குறிப்புகள் பரவின. ஏழுமலை கடையில் முதல் தாளில் அவள் பெயரும் உரிமமும் போட்டு ஒரு மூலப்பிரதி எப்போதும் கிடந்தது. மாம்பாக்கம், வல்லம், ஒரகடம் என்று தெற்கத்திப் பையன்கள் தங்கியிருந்த அறைகளிலெல்லாம் அந்த நகல்களைப் பார்க்கலாம். ஷிப்ட் பஸ்ஸில் படித்துக்கொண்டு போவார்கள்.

2013 கடைசியில் ஒரு மதியம் ஏழுமலை போன் செய்தான். “கடைக்கு வாங்கக்கா” என்று மட்டும் சொன்னான். நானும் காப்பிரைட் சாரும் ஓடினோம். கடை மறுபடியும் கறுப்பாகக் கிடந்தது. கண்ணாடி நொறுங்கியிருந்தது. ஏழுமலையின் புருவம் பிளந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துண்டால் அழுத்திப் பிடித்திருந்தான். மேசையில் புத்தம்புதிய புத்தகம் ஒன்றை வீசிவிட்டுப் போயிருந்தார்கள். பிரஸ் மெஷின் கைடு. சங்கரேஸ்வரியின் குறிப்புகள்தான், வரிக்கு வரி. படங்கள்கூட அவள் கையால் வரைந்தவை. அவள் பெயர் எங்கும் இல்லை. அந்த நான்கு பக்கமும் இல்லை. முதல் பக்கத்தில், ‘அனைத்து உரிமைகளும் எங்களுக்கே. நகல் எடுப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று அச்சாகியிருந்தது.

“எங்க புக்க காப்பி அடிச்சு விக்கிறியாடான்னு கேட்டுக்கினே அடிச்சாங்கக்கா” என்றான் ஏழுமலை. “டீச்சரம்மா குடுத்ததுன்னு சொல்றேன், காதுலயே வாங்கல.”

காப்பிரைட் சார் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “மொதல்ல இன்னா பண்ணாங்க? டோனர கொட்டினாங்களா, கண்ணாடிய ஒடச்சாங்களா?”

“டோனரு.”

“தடியா, உசரமா, நெத்தியில தழும்போட ஒருத்தன் இருந்தானா?”

“இருந்தான். அன்னிக்கு உன்கூட வந்தவன்தான் சார் அவன்.”

அவர் தலையை ஆட்டினார். “நான் கத்துக் குடுத்தது. டோனர மொதல்ல கொட்டிட்டா மெஷின் திரும்ப ஓடாது.” அதை ஒரு தகவலைப் போலச் சொன்னார். பிறகு ஏழுமலையைத் தன் வண்டியில் உட்கார வைத்துத் தையல் போடக் கூட்டிப்போனார்.

சட்டப்படி போவோம் என்றுதான் முடிவு செய்தோம். அவரே உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினார். அழகான நோட்டீஸ். பெயரைப் போடு, விட்டுவிட்ட பக்கங்களை விட்டுவிட்டேன் என்று குறிப்பிடு, உரிமை எங்களுடையது என்று போட்ட வரியை நீக்கு. மூன்றே கோரிக்கை. சங்கரேஸ்வரி போட்ட உரிமத்தில் விற்பதற்குத் தடை இல்லை. ஆகவே அந்த மூன்றையும் செய்துவிட்டால் கைடு போட்டவர் தாராளமாக விற்றுக்கொண்டே போகலாம். இவ்வளவு சுலபமானதை யாரும் மறுக்க மாட்டார்கள் என்று நான் நம்பினேன்.

நேரில் கொடுக்க அவர், சங்கரேஸ்வரி, நான் என மூன்று பேரும் போனோம். காஞ்சிபுரம் சாலையில் ஒரு அச்சுக் கிடங்கு. கைடுக்காரர் மெலிந்த, மரியாதையான மனிதர். எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார். நோட்டீஸைப் படித்துவிட்டு, “பேருதானே? அடுத்த பதிப்புல போட்டுடலாம்மா” என்றார்.

“அந்த நாலு பக்கம்?” என்று கேட்டாள் சங்கரேஸ்வரி.

“அத மட்டும் கேக்காதீங்க. கம்பெனிங்க மொத்தமா வாங்குது. அவங்க சூப்பர்வைசரையே குத்தம் சொல்ற புத்தகத்த எப்படிம்மா வாங்குவாங்க?” சிரித்தார். “விரல் போறவனுக்கு நாம இன்னா எழுதி வெச்சாலும் போகத்தான் போவுது.”

காப்பிரைட் சாரின் முகம் அப்படியே இருந்தது. வலது கை மேசையை விட்டு எழுந்தது. நான் என்னை அறியாமல் பின்னால் போனேன். கைடுக்காரருக்கு அது தெரியாது.

பின்கழுத்தைப் பிடித்து நாற்காலியோடு இழுத்தார். நாற்காலி வழியில் விழுந்தது, ஆள் மட்டும் போனார். சுவரோரம் தாள் வெட்டுகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுக்கிய தாள் அசையாமல் இருக்க, காலால் ஒரு கட்டையை மிதித்தால் மேலிருந்து இரும்புப் பலகை இறங்கி அழுத்தும். அதன் பிறகு விசையை இழுத்தால் கத்தி இறங்கும். வெட்டிக்கொண்டிருந்தவன் என்ன ஏது என்று விலகுவதற்குள் கைடுக்காரரின் வலது கையைப் பலகைக்கு அடியில் திணித்தார்.

“நாலு பக்கம் எடுத்தல்ல?” என்றார். காலால் மிதித்தார்.

காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அலறல். அவருடைய இடது கை கத்தியின் விசையைத் தேடிப் போனதை நான் பார்த்தேன். சங்கரேஸ்வரி ஓடினாள். அவரிடம் ஓடவில்லை, சுவரிலிருந்த மெயின் சுவிட்சிடம் ஓடினாள். ஒரே இழுப்பு. மெஷின் நின்றது. பிறகு வந்து, பக்கத்துச் சக்கரத்தை இரண்டு கையாலும் திருகிப் பலகையைத் தூக்கினாள். கைடுக்காரரின் மூன்று விரல்கள் கோணலாக, கறுத்துப் போய் இருந்தன. இரத்தம் வெட்டாத தாள் கட்டில் ஊறிப் பரவியது.

அதற்குள் கிடங்கு ஆட்கள் கம்பிகளோடு வந்துவிட்டார்கள். தலையில், தோளில், முழங்காலில் என்று அடித்தார்கள். அத்தனை பேரை அடித்த அந்த மனிதர் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை. போலீஸ் வரும்போது மண்டை பிளந்து தரையில் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் கட்டிலின் காலோடு விலங்கு மாட்டியிருந்தார்கள். சங்கரேஸ்வரி உட்காரவே இல்லை.

“கை போவக் கூடாதுன்னு நான் எழுதுனேன். அதுக்காக ஒருத்தன் கையக் கொண்டுபோயி மெஷின்ல வச்சிருக்கீக. எனக்காகவா போனீக? உங்க கோவத்துக்காகப் போனீக.”

“நீ மெயின அணைக்கலன்னா வெட்டியிருப்பேன்” என்றார் அவர்.

“அது தெரியும்” என்றாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே போனாள்.

கொடுங்காய வழக்கு. ரிமாண்டு, பிறகு ஜாமீன். பயிற்சி நடத்திய அமைப்பு அவரை நீக்கிவிட்டது. எங்கள் நோட்டீஸ் எங்கே போனது என்றே தெரியவில்லை. இனி யார் கேட்டாலும், விரலை உடைத்தவன் பேச்சு எடுபடுமா, விரல் உடைந்தவன் பேச்சு எடுபடுமா?

2014-ல் கைடுக்காரரின் வக்கீல் சங்கரேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பினார். குறிப்புகளின் முழு உரிமையையும் கைடுக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் வழக்கைச் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆள் உள்ளே போவது உறுதி. அவள் அந்தப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் நூலகத்துக்கு வந்தாள்.

“எழுதிக் குடுக்கப் போறியா?” என்றேன்.

“அவரு செஞ்சது தப்பு, மேடம். ஆனா எனக்காகத்தான் உள்ள கெடக்காருன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது. அந்தக் கடன் எனக்கு வேண்டாம்.” பிறகு, “நம்ம உரிமத்த முழுசா எடுங்க. ஒரு தடவ படிச்சிருவோம்” என்றாள்.

இருவரும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். மூன்றாவது பக்கத்தில் அது இருந்தது. திறந்த உரிமத்தில் ஒருமுறை கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. நிபந்தனையை மீறாதவரை, பிரதி கையில் இருக்கிற யாரும் மேலும் நகல் எடுக்கலாம். சொந்தக்காரர் மாறினாலும் அந்த அனுமதி நிற்கும். எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போனில் கேட்டேன். “குடுத்தது குடுத்ததுதாம்மா. வாங்கறவன் அந்த அனுமதியோட சேத்துத்தான் வாங்கறான்” என்றார்.

சங்கரேஸ்வரி பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தாள். அன்று முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன். “ஊரு பூரா இருக்கிற நகலை அவன் என்ன செய்வான்? நாலு பக்கமும் அதுல இருக்கு. எழுதிக் குடுத்துருதேன், மேடம். சார்கிட்ட மட்டும் இப்பச் சொல்லாதீங்க. கோர்ட்டுலயே எந்திரிச்சு நின்னு கத்துவாரு.”

ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றத்தில் காலை பதினொன்றரைக்கு வழக்கு முடிந்தது. கைடுக்காரர் வளையாத மூன்று விரல்களால் கஷ்டப்பட்டுக் கையெழுத்துப் போட்டார். அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நாங்கள் மூவரும் வளாகத்துக்குள் வேப்ப மரத்தடிக்கு வந்தோம். காப்பிரைட் சார் இளைத்துப் போயிருந்தார். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவில்லை.

“எப்டி ஒத்துக்கினான் அவன்?” என்று கேட்டார்.

“குறிப்ப அவருக்கே எழுதிக் குடுத்துட்டேன் சார்” என்றாள் சங்கரேஸ்வரி. “ஆனா…”

கை எழுந்ததை நான் பார்த்தேன். அறை விழுந்தது. அவள் கண்ணாடி பறந்துபோய் மண்ணில் விழுந்தது. அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வக்கீல்கள், வழக்குக்கு வந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“வித்துட்டியா?” என்றார் அவர். “எனக்காக வித்துட்டியா?”

“நான் இன்னும் சொல்லி முடிக்கல” என்றாள் அவள். உதடு கிழிந்து இரத்தம் வந்தது. அதைத் துடைக்காமலே சொன்னாள். கொடுத்த அனுமதி நிற்கும் என்பதை, சொந்தக்காரர் மாறினாலும் நகல்கள் நகல்கள்தான் என்பதை, மூன்றாவது பக்கத்தில் அது இருப்பதை, ஒரு வகுப்பில் சொல்வதுபோல நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். அந்த உரிமத்தை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவருடைய முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான். வாய் கோணியது. குனிந்து கண்ணாடியை எடுத்து, சட்டையில் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

“அடி” என்றார். “திருப்பி அடி. எத்தினி வேணா அடி.”

“நான் எதுக்கு அடிக்கணும்?” என்றாள். கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டாள். நேரே வாசலுக்கு நடந்தாள். அங்கே நீதிமன்றக் காவலுக்கு இருந்த ஏட்டு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சார், ஒரு புகார் குடுக்கணும்.”

ஏட்டு அவளையும், பின்னால் வந்து நின்ற அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னாம்மா இது? இந்தாளு கேஸ இப்பத்தான முடிச்சிட்டு வரீங்க?”

“அது கைடுக்காரரு கேஸு. இது என் கேஸு.”

ஏட்டு தயங்கினார். இங்கே வாங்கலாமா, ஸ்டேஷனுக்கு அனுப்பலாமா என்று முனகினார். காப்பிரைட் சார் முன்னால் வந்து மேசையில் இரண்டு கையையும் விரித்து வைத்தார்.

“நான்தான் அடிச்சேன். வாங்கி ஸ்டேஷனுக்கு அனுப்புங்க ஏட்டய்யா, வாங்கலாம். காயப்படுத்தினதுக்கு முந்நூத்தி இருபத்திமூணு. பொது எடத்துல பொம்பளைய அடிச்சதுக்குப் பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம், பிரிவு நாலு. அதையும் சேத்துக்கோங்க. இல்லன்னா ஸ்டேஷன் ஜாமீன்ல வெளிய வுட்டுடுவாங்க.”

ஏட்டு பேனாவைத் திறந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினார். சங்கரேஸ்வரி வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டாள். ஏட்டு தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீ பாத்தியாம்மா?”

காப்பிரைட் சாரும் என்னைப் பார்த்தார். தப்பிக்கிற பார்வை இல்லை அது. சரியான பதிலுக்காகக் காத்திருக்கிற பார்வை.

“பாத்தேன்” என்றேன்.